டேம்பன்

பர்ன்லி. வெள்ளிக்கிழமை. இரவு ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
தர்ஸா க்ளெக் சட்டைக் காலருக்கு இஸ்திரி போடுகிறாள்.
கிண்ணத்துத் தண்ணீரில் விரல் நுனியைத் தொட்டு
ஒரே ஒரு சுண்டு.
நனைப்பது இல்லை இது.
நனைத்தால் சொட்டும்; காய அரை நாள் பிடிக்கும்,
இந்த ஊர் வெயிலுக்கு மூன்று நாள்.
இதை அவர்கள் டேம்பன் என்பார்கள்:
சுருங்கியதைத் துணி மறக்கிற அளவுக்கு
மட்டும் ஈரம்.

அச்சகத்திலும் அதே சொல்.
ஆஃப்செட் இயந்திரத்தில் மைக்கு ஒரு உருளைக் குடும்பம்,
தண்ணீருக்கு ஒரு குடும்பம்.
தகட்டில் முதலில் தண்ணீர்தான் போக வேண்டும்.
எழுத்து இல்லாத இடத்தில் நீர் உட்காரும்,
நீர் உட்கார்ந்த இடத்தில் மை உட்காராது.
குறைந்தால் தாள் முழுக்க அழுக்குப் படலம்.
கூடினால் எழுத்துக்குச் சோகை.
பத்தொன்பது வருடமாக
அவள் காவல் காப்பது வெற்றிடத்தை.
சொல்லை யாரும் அச்சடித்துவிடலாம்.
வெள்ளை வெள்ளையாக இருக்க
ஒருத்தி விழித்திருக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு, தேநீர் இடைவேளையில்,
மேனேஜர் பில்லிங் ஒரு மரப்பெட்டி மேல் ஏறினார்.
அவர் பெட்டி மேல் ஏறி யாரும் பார்த்ததில்லை.
'உங்கள் உற்சாகத்தை டேம்பன் செய்ய எனக்கு விருப்பமில்லை,
ஆனால்' என்றார்.
மார்ச்சோடு மூடுகிறார்கள்.

தர்ஸா சொல்லைப் பிடித்துக்கொண்டாள், செய்தியை விட்டுவிட்டு.
எந்தக் கிண்ணத்துத் தண்ணீர் அது?
எத்தனை விரல் தொட்டது?
வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஷப்பீர் சொன்னான்:
'டேம்பனா? ஐயா, நீங்கள் எங்களை
கால்வாயில் தள்ளிவிட்டீர்கள்.'
யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு ஒரு மேஜை தாண்டி அடுத்த மேஜைக்குப் போகவில்லை.
பில்லிங் ஈரமில்லாத ஆள் அல்ல.
இறங்கும்போது பெட்டியின் விளிம்பைத் தேடிய கால்
இரண்டு முறை காற்றை மிதித்தது.

விடிகாலை நாலு மணி.
பக்கத்து வீட்டு ஐவர், பேக்கரிக்குக் கிளம்புமுன்,
பியானோவில் கால் மணி நேரம்.
சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபெல்ட் துணியை இறக்கிவிட்டுத்தான்.
தெரு தூங்குகிறதல்லவா.
அதற்கும் டேம்பன்தான் சொல்வான். ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது அதில்.
சுரங்கள் சாக்ஸ் மாட்டிக்கொண்டு
சுவர் வழியே நடந்து வருகின்றன.
கோட்டைக் கழற்றாமல் நின்று கேட்டாள்.
எங்கோ ஒரு இடத்தில் தப்பாக விழுந்தது,
அவன் திரும்பவும் அங்கிருந்தே தொடங்கினான்.

போகும்போது கரித்தூளையும் பழைய தேயிலைச் சக்கையையும்
ஈரமாகப் பிசைந்து நெருப்பின் மேல் அப்பிவிட்டுப் போயிருந்தாள்.
அதற்கும்,
ஆமாம், அதற்கும்.
இப்போது இரும்புக் கோலால் குத்திப் பார்த்தாள்.
கறுப்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே கறுப்பு.
அதற்கும் உள்ளே ஒரு ஆரஞ்சு நிறக் கோடு.
பெரிதாக ஒன்றும் எண்ணவில்லை அவள்.
கெட்டிலை வைத்தாள்.

மார்ச் இரண்டாம் வாரம் கடைசி வேலை வந்தது:
இயந்திரங்களை ஏலம் விடும் பட்டியல்,
எட்டுப் பக்கம், அறுநூறு பிரதி.
தன் இயந்திரத்தில் தன் இயந்திரத்தை அச்சடித்தாள்.
எண் பதினான்கு:
நீர் உருளைகள், ஒரு செட், நல்ல நிலையில்.
குமிழைக் கால் திருப்பு குறைத்தாள்,
அரைக்கால் திருப்பு கூட்டினாள்,
ஒரு தாளை உருவி விளக்கடியில் பிடித்தாள்.
ஷப்பீர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
'இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?' என்றான்.
அவள் பதில் சொல்லவில்லை.
வரிகளுக்கு நடுவே,
ஓரங்களில்,
விலை எழுத விட்டிருந்த கட்டங்களில்
ஒரு கறை இல்லை.